கிண்டர்கார்டன்: ஒரு சொல்லுக்குள் மறைந்த தோட்டம்

கோத்தகிரிப் பக்கம், தேயிலைச் சரிவை ஒட்டிக் கன்னியர் நடத்தும் சின்னத் தொடக்கப்பள்ளி ஒன்று. மழை விட்டிருந்த ஒரு காலையில் அங்கே போயிருந்தேன். எல்.கே.ஜி. பிள்ளைகள் கற்பூர மரத்துக் காய்களைப் பம்பரமாகச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். கொழுந்து பறிக்கப் புறப்பட்ட ஒரு தாய் வாசலிலேயே நின்று கேட்டார்: "சிஸ்டர், புள்ள ஒரு மாசமா வெளையாடிட்டே இருக்கு. ஏ பி சி டி எப்ப எழுதும்?"

"வெரலு மொதல்ல மண்ணுல எழுதட்டும்மா. அப்புறம் பென்சில் தானா நிக்கும்" என்றார் சிஸ்டர்.

அந்தத் தாயின் கேள்வியில் தவறில்லை. எல்.கே.ஜி. என்றால் படிப்பின் முதல் படி என்றுதான் நமக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. அந்தச் சுருக்கத்தின் கடைசி இரண்டு எழுத்துக்குள் ஒரு தோட்டமே மடிந்து கிடப்பதை யாரும் பிரித்துக் காட்டவில்லை.

கிண்டர்கார்டன் ஜெர்மன் சொல். கிண்டர் என்றால் பிள்ளைகள், கார்டன் என்றால் தோட்டம். ஆக்கியவர் ஃபிரெடரிக் ஃபுரோபெல் (1782–1852). 1837இல் பிளாங்கன்பர்க் என்ற ஊரில் சிறு பிள்ளைகளுக்கான விளையாட்டு நிலையம் ஒன்றைத் தொடங்கினார். அதற்குப் பொருத்தமான பெயர் அமையாமல் தவித்து, 1840இல் ஒரு மலைப்பாதையில் நடந்து வரும்போது இந்தச் சொல் தோன்றியதாக உடனிருந்தவர் எழுதிவைத்திருக்கிறார். மலையில் பிறந்த சொல் என்பதால் எனக்கு அதன்மேல் கூடுதல் பாசம். பெயரில் மட்டும் தோட்டம் இருக்கவில்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிப் பாத்தி ஒதுக்கி, விதைத்து நீர் ஊற்ற வைத்தார். கம்பளி நூல் பந்து, மரத்தாலான உருண்டை, கனசதுரம், உருளை ஆகியவைதாம் அவருடைய பாடப்புத்தகம்.

ஃபுரோபெல் ஒரு லுத்தரன் போதகரின் மகன். பிள்ளை விளையாடும்போது படைப்பின் ஒருமையை உணர்கிறது என்று உண்மையாகவே நம்பியவர். அவருடைய கிண்டர்கார்டன்களைத்தான் அன்றைய ஜெர்மானிய நாடான பிரஷ்யாவின் அரசு 1851இல் நாத்திகம் பரப்புவதாகச் சொல்லித் தடை செய்தது. அவருடைய உறவினர் ஒருவரின் எழுத்தை அவருடையதாக எண்ணியதும் இதற்கு ஒரு காரணம். மறு ஆண்டே அவர் இறந்துவிட்டார். தடை நீங்கியது 1860இல். மதப் பள்ளியில் விளையாட்டுக்கு என்ன வேலை என்று இன்றும் கேட்பவர்களுக்கு இந்த வரலாறு தெரிய வேண்டும்.

பக்தியும் விளையாட்டும் நமக்குப் பகையாக இருந்ததே இல்லை. பிள்ளைத்தமிழ் தெய்வத்தையே குழந்தையாக்கிப் பாடுகிறது. சிற்றில் (பிள்ளைகள் கட்டும் மணல் வீடு) சிதைத்தல், சிறுபறை முழக்கல், சிறுதேர் உருட்டல், அம்மானை, ஊசல் என அதன் பருவங்கள் பலவற்றுக்குப் பெயர் கொடுத்தவையே விளையாட்டுகள்தாம். டிசம்பரில் இந்தப் பள்ளிப் பிள்ளைகள் பாசியும் சுள்ளியும் பொறுக்கி வந்து கட்டும் கிறிஸ்துமஸ் குடிலும் ஒரு சிற்றில்தான். அதைக் கட்டும்போது பெரிது, சிறிது, உள்ளே, வெளியே எல்லாம் வாயில் வந்துவிடுகின்றன, எண்ணும் வருகிறது. ஆடு எத்தனை என்று எண்ணாமல் குடில் முடியாது.

சரி, தமிழில் என்ன சொல்வது?

அரசு வழக்கில் இருப்பது மழலையர் பள்ளி. நல்ல சொல். மழலை என்பது முதலில் குழந்தையைக் குறித்ததல்ல, அதன் முற்றாத பேச்சைக் குறித்தது. வள்ளுவரும் 'மக்கள் மழலைச்சொல்' என்றுதான் சொன்னார். ஆனால் இந்தப் பெயர் யாருக்கான இடம் என்று சொல்கிறது, அங்கே என்ன நடக்கிறது என்று சொல்வதில்லை. பள்ளி என்றதும் சிலேட்டு வந்துவிடுகிறது. பாலர் பள்ளிக்கும் அதே குறைதான். பாலவாடியில் தோட்டம் உண்டு, குஜராத்தியில் வாடி தோட்டம்தான். நம் ஊரில் அது பால்வாடி ஆகி, பாலகன் போய்ப் பால் மட்டும் நின்றுவிட்டது. அங்கன்வாடியின் அங்கன் முற்றம். 1975இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தோடு பரவிய பெயர்.

இலங்கை மலையகத்தில் வழங்கும் பெயர் பிள்ளை மடுவம். அங்கே கொழுந்து நிறுக்கும் கொட்டகை கொழுந்து மடுவம். தாய் வேலைக்குப் போகும்போது குழந்தையை விடும் இடம் பிள்ளை மடுவம். 1964 இந்திய–இலங்கை ஒப்பந்தத்துக்குப் பின் தாயகம் திரும்பி நீலகிரியில் குடியேறிய குடும்பங்கள் விட்டு வந்த வாழ்க்கையின் சொல் அது. பாதுகாப்பைச் சொல்லும் அழகான பெயர், விளையாட்டு மட்டும் அதில் இல்லை.

மாண்டிசோரி கல்விமுறையை இதோடு கலக்கக் கூடாது. அதை உருவாக்கி, 1939இல் சென்னை அடையாறுக்கு வந்த மரியா மாண்டிசோரி, போர்க்காலத்தில் 1942 முதல் 1944 வரை கொடைக்கானலில் வாழ்ந்து பிள்ளைகளோடு பணியாற்றினார். பிள்ளை செய்வதை அவர் 'வேலை' என்றார். ஃபுரோபெல்லுக்கு அது 'விளையாட்டு'.

தோட்டம் என்றே வைத்துக்கொள்ளலாமே என்றால், இந்த மலையில் தோட்டம் எஸ்டேட். பெற்றோர் பேர் பதிந்து கூலி வாங்கும் இடம். அதே சொல்லைப் பிள்ளையின் தலையிலும் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை.

நான் முன்வைப்பது மழலைப் பண்ணை. 'கெடவரல் பண்ணை ஆயிரண்டும் விளையாட்டு' என்கிறது தொல்காப்பிய உரியியல். பண்ணைக்கு விளையாட்டு என்று பொருள்; பயிர் வளர்க்கும் இடம் என்றும் பொருள். ஃபுரோபெல் தேடிய இரண்டும் நம்மிடம் ஒரே சொல்லில் கிடக்கின்றன. கோழிப்பண்ணை நினைவுக்கு வருமே என்பார்கள். நாற்றுப்பண்ணையும் விதைப்பண்ணையும் அதே சொல்தானே.

சிஸ்டரிடம் இதைச் சொன்னேன். பள்ளிப் பெயர்ப்பலகையை மாற்ற முடியாது, பதிவில் இருப்பது அப்படியே இருக்கும் என்றார். பின்கட்டில் பிள்ளைகள் கேரட்டும் முள்ளங்கியும் போட்டிருக்கும் பாத்திக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பலகை நடலாம், ஒற்று விடாமல் எழுதிக் கொடுங்கள் என்றார். 'ப்' போட்டு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.