ஓய்வூதியக் கணக்கில் மனைவிக்கும் ஒரு கையெழுத்து

குறிஞ்சிப்பாடி, பண்ருட்டி பக்கத்துக் கிராமங்களில் "மிலிட்டரிக்காரர் வீடு எது?" என்று கேட்டால் யாரும் வழி காட்டிவிடுவார்கள். ஆனால் அந்த வீட்டுக்குள் போய், "உங்கள் கணவரின் பென்ஷன் புத்தகத்தில் உங்கள் பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது?" என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. அந்தப் பதில் வரவேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நானும் பட்டாளத்திலிருந்து வங்கிக்கு வந்தவன். சிக்னல்ஸ் பிரிவில் இருந்தேன். 1999 கார்கில் போரின்போது திராஸ் பகுதியில் தொலைபேசிக் கம்பி இழுப்பது எங்கள் வேலை. குண்டு விழுந்து கம்பி அறுந்தால் இருட்டில் அதைக் கையால் தடவிக்கொண்டே மலைச்சரிவில் போய், அறுந்த முனைகளைத் தேடி எடுத்து முடிச்சுப் போட வேண்டும். பேச்சு நின்றால் மேலே ஏறிப் போனவர்களுக்குப் பீரங்கி உதவி நின்றுவிடும். உடன் இருந்தவர்களில் சிலர் திரும்பவில்லை. அவர்கள் பெயருக்கு வீட்டுக் கடிதங்கள் 56 ஏ.பி.ஓ. என்ற படை அஞ்சல் முகவரிக்கு அதன் பிறகும் வந்துகொண்டிருந்தன. அந்த வீடுகளில் அடுத்தடுத்த மாதங்களில் என்னென்ன காகிதங்கள் கேட்கப்பட்டிருக்கும் என்பது, பல ஆண்டுகள் கழித்து வங்கிக் கவுண்டரின் உட்புறம் உட்கார்ந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

சிப்பாயாகச் சேர்ந்தவருக்கு 15 ஆண்டுப் பணியில் ஓய்வூதியத் தகுதி வந்துவிடும். பதினெட்டு, பத்தொன்பது வயதில் போனவர்கள் பலர் 40 வயதுக்குள் வீடு திரும்பிவிடுகிறார்கள். அதற்குப் பிறகு இன்னொரு முழு வாழ்க்கை மிச்சம் இருக்கிறது. பொதுத்துறை வங்கிகளின் கிளர்க் பணியிடங்களில் முன்னாள் படைவீரர்களுக்கு 14.5 சதவீத இடஒதுக்கீடு உண்டு; கடைநிலைப் பணியிடங்களில் 24.5 சதவீதம். இரண்டிலும் 4.5 சதவீதம், பணியில் ஊனமடைந்தவர்களுக்கும் போரில் உயிரிழந்தவர்களின் குடும்பத்தாருக்கும் உரியது. பட்டம் இல்லையே என்று ஒதுங்க வேண்டாம். பத்தாம் வகுப்புத் தேறி, படையின் கல்விச் சான்றிதழோடு 15 ஆண்டுக்குக் குறையாமல் பணியாற்றியவர்களும் கிளர்க் தேர்வு எழுதலாம். நான் அப்படி எழுதித்தான் உள்ளே வந்தேன். கடலூரிலும் புதுச்சேரியிலுமாகக் கிளைகளில் வேலை பார்த்திருக்கிறேன்.

இரண்டு வேலைகளுக்கும் பொதுவான ஒழுங்கு ஒன்று உண்டு. எந்தப் பொறுப்பும் ஒரே ஆளை நம்பி இருக்காது. படையில் தலைமை அதிகாரி இருந்தால் அடுத்தபடியாக "டூ ஐ.சி." இருப்பார், முதலாமவர் விழுந்தால் இரண்டாமவர் அந்த நிமிடமே நடத்த வேண்டும். வங்கியில் பணப்பெட்டக அறைக்கு இரண்டு சாவிகள், இரண்டு ஆட்கள். இந்த ஒழுங்குக்குள்ளேயே வாழ்ந்த மனிதர், வீட்டில் மட்டும் எல்லாவற்றையும் தம் தலைக்குள் வைத்துக்கொள்கிறார். ஏ.டி.எம். கார்டு அவரிடம். பி.பி.ஓ. எனப்படும் ஓய்வூதிய ஆணை, துணிகளுக்கு அடியில் டிரங்குப் பெட்டியில். மனைவி வங்கிக்குள் நுழைந்தே பார்த்ததில்லை. அவர் போன பிறகு அந்த அம்மாள் முதல்முறையாக வருகிறார், கையில் ஒரு மஞ்சள் பையோடு.

அந்தப் பையைப் பிரித்தால் முதலில் இடிப்பது பெயர்தான்.

அடிக்கடி பார்க்கிற ஒன்றைச் சொல்கிறேன். படைப் பதிவில் மனைவி பெயர் "செல்வி". ஆதாரில் "தமிழ்ச்செல்வி". வங்கிக் கணக்கில் தகப்பனார் இனிஷியல், குடும்ப அட்டையில் கணவர் இனிஷியல். பிறந்த தேதி இரண்டு இடத்தில் இரண்டு விதம். ஊரில் கேட்டால் எல்லாம் ஒரே ஆள்தான், யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் குடும்ப ஓய்வூதியம் வழங்கும் அலுவலகம் பார்ப்பது ஊரை அல்ல, காகிதத்தை. கல்யாணமான புதிதில், வெளிமாநிலத்தில் உள்ள யூனிட் அலுவலகத்தில், தமிழ் தெரியாத எழுத்தர் ஒருவர், சிப்பாய் வாயால் சொன்னதைக் கேட்டு எழுதிய பெயர் அது. அதுதான் "பார்ட் டூ ஆர்டர்" எனப்படும், வீரரின் குடும்ப விவரங்களைப் பதியும் யூனிட் ஆணையாகி, பதிவேட்டில் ஏறி, இருபது முப்பது ஆண்டுகள் யாரும் திரும்பிப் பார்க்காமல் கிடந்திருக்கிறது. நம் இனிஷியல் வழக்கம் வடநாட்டு அலுவலகங்களுக்குப் பழக்கமில்லை. தகப்பனார் பெயரைப் பின்னால் சேர்த்து முழுப்பெயராக எழுதிவிடுகிறார்கள். கல்யாணத்துக்குப் பிறகு பெண்ணின் இனிஷியல் மாறுவது இன்னொரு முடிச்சு.

கணவர் உயிரோடு இருக்கும்போது இதைத் திருத்துவது ஒரு விண்ணப்பத்தில் தொடங்குகிற வேலை. ஆதார், திருமணப் பதிவுச் சான்று, இருவரும் சேர்ந்து கொடுக்கும் உறுதிமொழிப் பத்திரம் ஆகியவற்றோடு அவரவர் படைப்பிரிவின் பதிவேடுகளை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீசுக்கு எழுத வேண்டும். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், சிக்னல்ஸ் என்றால் ஜபல்பூர், பீரங்கிப் படை என்றால் நாசிக், மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூரு, இ.எம்.இ. எனப்படும் மின்-இயந்திரப் பொறியாளர் பிரிவு என்றால் செகந்திராபாத். எழுதத் தெரியவில்லை என்றால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் உதவுவார்கள். அந்த அலுவலகமே இதற்காக இருப்பதுதான். அவர் இறந்த பிறகு இதே திருத்தத்தை அந்த அம்மாள் தனியாகச் செய்ய வேண்டும். தமக்குத் தாமே சாட்சி தேட வேண்டும். அதற்குள் மாதங்கள் ஓடிவிடும். அந்த மாதங்களில் வீட்டுக்கு ஓய்வூதியம் வராது. இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. யார் மீதும் அல்ல, முன்கூட்டியே செய்திருக்கக்கூடிய வேலை கிடந்து போனதே என்று.

புதுச்சேரியில் இதன் இன்னொரு முகத்தைப் பார்த்தேன். பிரெஞ்சுப் படையில் பணியாற்றி, பிரான்சிலிருந்து ஓய்வூதியம் பெறும் "சொல்தா" குடும்பங்கள் அங்கே உண்டு. எந்த நாட்டுப் பென்ஷனாக இருந்தாலும் கணவரை இழந்தவர் காட்டவேண்டியது திருமணப் பதிவும் பெயர்ப் பொருத்தமும்தான். கல்யாணத்தைப் பதிவு செய்யாமல் விட்ட வீடு எங்கேயும் தவிக்கிறது.

அடுத்தது நாமினி. பட்டாளத்தில் சேரும் பையனுக்குக் கல்யாணம் ஆகியிருக்காது. வருங்கால வைப்பு நிதி, குழுக் காப்பீடு, வங்கிக் கணக்கு எல்லாவற்றிலும் அம்மா பெயரைக் கொடுப்பான். அது சரிதான். ஆனால் பத்து ஆண்டு கழித்து மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இருக்கும்போதும் அதே பெயர் அப்படியே இருக்கிறது. அவர் இறந்தால் வங்கி பணத்தை நாமினியிடம் கொடுத்துவிடும். அது வங்கியின் கடமை முடியும் இடம். நாமினி என்பவர் பணத்தைப் பெற்றுக்கொள்ளும் ஆள். உரிமையாளர் என்று பொருள் இல்லை. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி தாய், மனைவி, பிள்ளைகள் எல்லோருமே முதல் வகுப்பு வாரிசுகள். இந்த வித்தியாசம் தெரியாமல், பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் மாமியாரும் மருமகளும் தனித்தனியாக வக்கீல் வீட்டுக்குப் போன குடும்பங்களை எனக்குத் தெரியும். இருவருமே நல்லவர்கள். மகனை இழந்தவரும் கணவரை இழந்தவரும் ஒருவரையொருவர் தேற்றிக்கொள்ள வேண்டிய நேரத்தில், மாற்றி எழுதாமல் விட்ட ஒரு படிவம் அவர்களைப் பிரித்துவிட்டது. 2025 நவம்பர் முதல் வங்கி வைப்புகளுக்கு நான்கு பேர் வரை நாமினி வைக்கலாம். யாருக்கு எத்தனை சதவீதம் என்றும் எழுதலாம். அம்மாவுக்கும் மனைவிக்கும் பங்கிட்டு எழுத இப்போது தடையே இல்லை.

ஓய்வூதியக் கணக்கை மனைவியோடு கூட்டுக் கணக்காக வைத்துக்கொள்ள விதி அனுமதிக்கிறது. "இருவரில் ஒருவர் அல்லது எஞ்சியிருப்பவர்" என்ற முறையில் இருந்தால், பி.பி.ஓ.வில் மனைவி பெயர் இருக்கும் நிலையில், குடும்ப ஓய்வூதியத்துக்காக அவர் புதுக் கணக்கு தொடங்கத் தேவையில்லை. அதே கணக்கில் வரும். கூட்டுக் கணக்கு என்றால் கணவரின் மதிப்பு குறைந்துவிடும் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒரு சுபேதார் சாப் என்னிடம், "அவளுக்கு இதெல்லாம் எதற்கு, நான்தான் இருக்கிறேனே" என்றார். நான் அவரிடம் டூ ஐ.சி.யைப் பற்றித்தான் பேசினேன். அடுத்த வாரம் மனைவியோடு வந்தார்.

வீட்டில் தெரிந்திருக்க வேண்டிய கணக்கு ஒன்று. ஓய்வு பெறும்போது ஓய்வூதியத்தில் பாதி வரை முன்கூட்டியே மொத்தமாகப் பெற்றுக்கொள்ளலாம். மாதம் 24,000 ரூபாய் என்றால், பாதியை மொத்தமாக வாங்கியவருக்கு அடிப்படை 12,000 ஆகக் குறையும். ஆனால் அகவிலைப்படி முழு 24,000 மீதுதான் கணக்கிடப்படும். 15 ஆண்டு கழித்து குறைத்த பாதி திரும்ப வந்துவிடும். குடும்ப ஓய்வூதியம் சாதாரண மரணத்தில் கடைசிச் சம்பளத்தின் 30 சதவீதம்; பணி காரணமான மரணத்தில் 60 சதவீதம்; போர் நடவடிக்கையில் இறந்தவருக்கு முழுச் சம்பளம். உடல் அல்லது மனவளர்ச்சிக் குறைபாடுள்ள பிள்ளை இருந்தால், பெற்றோருக்குப் பிறகு அந்தப் பிள்ளைக்கு வாழ்நாள் முழுதும் கிடைக்க வழியுண்டு. அந்தப் பிள்ளையின் பெயரைப் பெற்றோர் இருக்கும்போதே மருத்துவச் சான்றோடு பதிவு செய்துவிடுங்கள். மற்ற எதைத் தள்ளிப்போட்டாலும் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

மொத்தமாகப் பணம் வந்த செய்தி ஊருக்குள் எப்படியோ தெரிந்துவிடும். பிறகு வருபவர்களை இரண்டு வகையாகப் பார்க்கிறேன். மாதம் நூற்றுக்கு மூன்று வட்டி தருகிறேன் என்பவர் ஒருவர். வங்கி வைப்புக்கு ஒருவருக்கு ஒரு வங்கியில் 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. அவர் தரும் கைச்சீட்டுக்கு எதுவும் கிடையாது. இன்னொருவர் பணம் கேட்க மாட்டார், ஜாமீன் கையெழுத்து மட்டும் கேட்பார். அவர்தான் அதிக ஆபத்து. 1872 ஒப்பந்தச் சட்டப்படி ஜாமீன்தாரின் பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சமம். உடன் நின்றவனுக்காக உயிரையே கொடுக்கப் பழகிய மனிதர்கள் கையெழுத்துக்குத் தயங்குவதில்லை. தயங்குங்கள். வீட்டில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று சொல்லுங்கள்.

பணியிடம் மாறிய ஊர்களில் தொடங்கிய பழைய கணக்குகளையும் நினைவுபடுத்திப் பாருங்கள். பத்து ஆண்டுகள் தொடாமல் கிடந்த பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும். போனாலும் உரிமை போகாது. 2023இல் ரிசர்வ் வங்கி தொடங்கிய "உத்கம்" தளத்தில் பெயரைப் போட்டுத் தேடலாம்.

பாதுகாப்புத் துறை ஓய்வூதியம் "ஸ்பர்ஷ்" என்ற இணையவழி முறைக்கு மாறிய பிறகு, அதன் பெயரைச் சொல்லித் தொலைபேசி மோசடிகளும் வருகின்றன. பி.பி.ஓ. எண்ணையும் பிறந்த தேதியையும் அவர்களே சொல்லி நம்ப வைப்பார்கள்; உயிர்ச்சான்று காலாவதியாகிவிட்டது, ஓ.டி.பி. சொல்லுங்கள் என்பார்கள். சொல்லாதீர்கள். பணம் போய்விட்டால் உடனே 1930 எண்ணை அழையுங்கள். முதல் சில மணி நேரத்தில் சொன்னால் நிறுத்திவைக்க வாய்ப்பு அதிகம்.

கணவர் இறந்த பிறகு அவருடைய கார்டை வைத்து ஓய்வூதியத்தை எடுக்க வேண்டாம். இறப்புக்குப் பிறகு வந்த தொகை திரும்பப் பிடிக்கப்படும். இறப்புச் சான்றிதழ் வந்ததும் ஸ்பர்ஷ் தளத்திலோ பொதுச் சேவை மையத்திலோ தகவல் பதிய வேண்டும். அப்போது பி.பி.ஓ. நகல் கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

இப்போது பணியில் இருந்து, பொங்கலுக்கோ ஊர்த் திருவிழாவுக்கோ விடுப்பில் வருகிறவர்களுக்கும் சொல்கிறேன். புறப்படும் முன் யூனிட் அலுவலகத்தில் உங்கள் திருமணமும் பிள்ளைகள் பிறந்ததும் பார்ட் டூ ஆர்டரில் வெளியாகிவிட்டதா, பெயர்கள் ஆதாரில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று கேட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள். வங்கிக்கு இருவருமாக வாருங்கள். ஆதார், பான், இருவரின் புகைப்படம், ஓய்வு பெற்றவர் என்றால் பி.பி.ஓ. நகல். கூட்டம் குறைவான காலை நேரத்தில் வந்தால் கூட்டுக் கணக்கும் நாமினி மாற்றமும் மதியச் சாப்பாட்டுக்கு முன் முடிந்துவிடும்.