டயல்ல பெயிண்ட் அடிச்சா அது ரேர் டயல் ஆகிடாதுங்க

வீட்ல பழைய அலாரம் வாட்ச் வச்சிருக்கவங்க, புதுசா சேர்க்க ஆரம்பிச்சிருக்கவங்க எல்லாருக்கும் சேத்துத்தான் சொல்றேன், தயவுசெஞ்சு டயல்ல கை வைக்காதீங்க. எத்தனை பேருக்குன்னு தனித்தனியா சொல்றது, இந்த மாசமும் பெயிண்ட் அடிச்ச வாட்ச் ஒன்னு எங்க கடைக்கு வந்துச்சு, அதான் எழுதிடுவோம்னு உக்காந்துட்டேன்.

தேவகோட்டைல இருந்து ஒரு தம்பி, அவங்க ஐயா பினாங்குல இருந்து கொண்டாந்த பெல்மேட்டிக், அதான் சீக்கோ கம்பெனியோட அலாரம் வாட்ச். நல்ல சில்வர் டயல், ஓரத்துல மட்டும் லேசா பழுப்பு ஏறியிருந்துச்சாம். அத வெளியூர்ல எங்கயோ குடுத்து ஆரஞ்சு கலர் அடிச்சு வாங்கிட்டு வந்து "அண்ணே, இந்தக் கலர் யார்கிட்டயும் இல்ல, இப்ப நல்ல விலை போகும்ல"னு கேக்குறாப்ல. யார்கிட்டயும் இருக்காதுதான், கம்பெனி அடிக்காம வெளியில அடிச்ச கலர் யார்கிட்ட இருக்கும்? மிஷின் அருமையா ஓடுது, ரெண்டு மணி பக்கத்துல இருக்க பட்டன இழுத்துவிட்டா அலாரம் கிர்ருனு அடிக்குது, போனது டயல் மட்டும்தான். ஆனா இந்த வாட்ச சேர்க்குறவங்க பணம் குடுக்குறதே அந்த டயலுக்குத்தான்.

பெல்மேட்டிக் 1966ல வந்துச்சு, 4006 மிஷின். ஒரே மிஷின வச்சுக்கிட்டு சில்வர், நீலம், சாம்பல்னு பல டயல் போட்டாங்க, 17 ஜுவல் எழுதுனது, 27 ஜுவல் எழுதுனது (ஜுவல்னா மிஷினுக்குள்ள தேயாம இருக்க வைக்கிற சின்னக் கல்லு), நிமிஷக் கோடு வேற, மணியக் காட்டப் பதிச்ச கட்டை வேற. இந்த வித்தியாசத்த ஒவ்வொன்னா தேடிச் சேர்க்குறதுதான் இதுல இருக்க ருசியே. அதுக்கு நடுவுல நேத்து அடிச்ச பெயிண்ட கொண்டாந்து வச்சா அது வெரைட்டி இல்ல, அழிஞ்சுபோன ஒரு டயல், அவ்வளவுதான்.

"பளபளன்னு இருந்தாத்தான மதிப்பு"ன்னு எல்லாரும் சொல்றீங்க. இல்லைங்க! எத்தனை தடவ சொன்னாலும் இது மட்டும் யார் காதுலயும் ஏற மாட்டேங்குது. ரீபெயிண்ட் பண்றவர் மேல லேசா பூசிக் குடுக்குறதில்ல, முதல்ல பழைய பூச்சு, எழுத்து எல்லாத்தையும் மருந்து போட்டு கழுவி, தேச்சு, வெறும் தகடாக்கிட்டுத்தான் புதுசு அடிக்கிறார், அப்புறம் நெனச்சாலும் பழசு வராது. கானாடுகாத்தான்ல பழைய வீட்டு முட்டைச் சுண்ணாம்பு பூச்ச சுரண்டிட்டு எமல்ஷன் அடிச்சா வயிறு எரியுதுல்ல, அதேதான் இது. லேசான பழுப்பு, ஒன்னு ரெண்டு புள்ளி இருந்தா இருந்துட்டு போகட்டும், அது குறையே இல்ல. தண்ணி இறங்கி பாதி டயல் உரிஞ்சு போயிருந்தாக்கூட அப்படியே வைங்க, பின்னாடி ஒரு ஒரிஜினல் கெடச்சா மாத்திக்கலாம்.

கடையில வாங்குறப்ப என்ன பாக்கணும்னா, காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெரு பழைய சாமான் கடையில வாங்குனாலும் சரி, ஆன்லைன்ல வாங்குனாலும் சரி, லென்ஸ் இல்லாம பணத்த எடுக்காதீங்க. எழுத்தோட ஓரம் கத்தி மாதிரி சுத்தமா இருக்கணும், கசிஞ்சோ தடிச்சோ இருந்தா கைய விட்ருங்க. பெல்மேட்டிக்னா ஆறு மணிக்கு கீழ விளிம்புல பொடி எழுத்துல ஜப்பான்னும் 4006ல ஆரம்பிக்கிற டயல் நம்பரும் இருக்கணும், ரீபெயிண்ட்ல பெரும்பாலும் இது காணாமப் போயிருக்கும், இல்லன்னா கோணலா இருக்கும். பின்மூடி நம்பரும் டயல் நம்பரும் முழுசா ஒத்துப்போகாது, அதுக்காக பயந்துடாதீங்க, முன்னாடி 4006 ஒன்னா இருந்தா போதும். நிமிஷக் கோடும் பதிச்ச கட்டையும் நேருக்கு நேர் இருக்கான்னு பாருங்க. தேதி ஜன்னல்ல எண்ணு ஒரு பக்கமா ஒதுங்கி இருந்தா, டயலோட கால் (டயல மிஷின்ல பிடிச்சு வைக்கிற பின்பக்கக் குச்சி) ஒடஞ்சு ரெண்டு பக்க டேப் போட்டு ஒட்டியிருக்காங்கன்னு சந்தேகப்படுங்க. நாங்க இத தெனமும் பாக்குறோம்.

இன்னொன்னு, இது விலை சம்பந்தப்பட்டதில்ல, உடம்பு சம்பந்தப்பட்டது. சில வீட்டு பெட்டகத்துல இதவிட பழைய ஸ்விஸ் அலாரம் வாட்ச் இருக்கும், 1947ல வந்த வல்கேன் கிரிக்கெட், 1950ல வந்த மெமோவாக்ஸ் மாதிரி. அந்தக் காலத்து டயல்லயும் முள்ளுலயும் இருட்டுல மின்னுற பூச்சு இருந்தா அது ரேடியமா இருக்க வாய்ப்பு அதிகம். "இப்ப மின்னவே இல்லையே, செத்துப்போச்சு"ன்னு ஊசிய வச்சு சுரண்டுறாங்க, ஐயோ வேணாம்! செத்தது வெளிச்சம் குடுக்குற பொடி மட்டும்தான், ரேடியம் பாதியா குறையவே 1600 வருஷம் ஆகும். கண்ணாடிக்குள்ள மூடியிருக்க வரைக்கும் பயம் கம்மி, சுரண்டுற தூசி மூச்சுல போறதுதான் ஆபத்து. புள்ளைங்க கையில கெடைக்காம வைங்க, மூடிய நீங்களா தெறக்காதீங்க, சர்வீஸுக்கு குடுக்குறப்ப இதுல ரேடியம் இருக்கலாம்னு வாயத்தெறந்து சொல்லிக் குடுங்க.

பேஸ்ட், எலுமிச்சம்பழம், ஸ்பிரிட்டு, பட்ஸ் எதுவும் டயல் பக்கம் போகக்கூடாது. நாங்களே வெறும் விரலால தொட மாட்டோம். சர்வீஸ் குடுக்குறதுக்கு முன்னாடி டயல் நல்லா தெரியுற மாதிரி போட்டோ எடுத்து வச்சுக்கங்க, "டயல்ல எதுவும் செய்ய வேணாம்"னு பில்லுலயே எழுதச் சொல்லுங்க. எழுத மாட்டேன்னு சொன்னா வாட்ச வாங்கிக்கிட்டு வந்துடுங்க, அடுத்த கடைக்குப் போங்க.