இரும்பே இல்லாத ‘இரும்புமின்’

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி என்று எங்கே அறிவியல் கண்காட்சிக்கு நடுவராகப் போனாலும் ஏதாவது ஓர் அட்டையில் ‘இரும்புமின்’ கண்ணில் படுகிறது. ஃபெரோஎலக்ட்ரிக் என்பதற்குத் தமிழாம். சமீபத்தில் ஒரு கல்லூரியில் அச்சுப்பிழையும் சேர்ந்து ‘இரும்புமீன் மென்படலங்கள்’ ஆகியிருந்தது. மீனைக்கூட மன்னிக்கலாம், இரும்பைத்தான் முடியவில்லை.

ஃபெரம் என்றால் லத்தீனில் இரும்பு, சரி. 1920-இல் ஜோசப் வலாசெக் என்ற அமெரிக்க இயற்பியலாளர் ரோஷெல் உப்பு என்னும் படிக உப்பில் ஒரு குணத்தைக் கண்டார். வெளியிலிருந்து மின்புலம் எதுவும் கொடுக்காமலே அதற்குள் நேர், எதிர் முனைகள் இருந்தன. எதிர்த்திசையில் புலம் கொடுத்தால் முனைகள் இடம் மாறின, புலத்தை எடுத்த பிறகும் மாறியபடியே நின்றன. இரும்பில் காந்த முனைகள் நடந்துகொள்வதைப்போல் இருப்பதால் ‘ஃபெரோ’ வந்து ஒட்டிக்கொண்டது. உறவு அவ்வளவுதான். ரோஷெல் உப்பில் இரும்பு கிடையாது, இதே குணமுள்ள பேரியம் டைட்டனேட்டிலும் கிடையாது. ரஷ்யர்கள் அந்த உப்பை முதலில் செய்த பிரெஞ்சு மருந்தாளர் செனியெத்தின் பெயரை வைத்தே இதை அழைக்கிறார்கள், இரும்பின் பக்கமே போகவில்லை.

‘ஆங்கிலத்திலும் இரும்பு இருக்கிறதே’ என்பார்கள். ஆங்கிலத்தில் படிப்பவர் ‘ஃபெரோ’வைப் பார்த்ததும் இரும்பை நினைப்பதில்லை, அது அவருக்கு வெறும் முன்னொட்டு. தமிழ்ப் பிள்ளைக்கு ‘இரும்பு’ என்றால் ஆணி, கடப்பாரை. அந்தக் கல்லூரி மேசையில் பீப் என்று கத்தும் பித்தளை வட்டு ஒன்று இருந்தது, நடுவில் வெள்ளைப் பீங்கான் ஒட்டியது. அந்தப் பீங்கான்தான் ‘இரும்புமின்’. ஒரு பள்ளிப் பையன் அதில் காந்தத்தை வைத்துப் பார்த்துவிட்டு, “இரும்புன்னு போட்டிருக்கே, ஏன் சார் ஒட்டல?” என்றான். என்ன பதில் சொல்வது? ‘அயமின்’ என்று தூய்மை பார்ப்பவர்கள் அதே இரும்பைத்தான் யாருக்கும் புரியாத சொல்லுக்குள் ஒளித்து வைக்கிறார்கள். இதே வகையைச் சேர்ந்த பிஸ்மத் ஃபெரைட்டில் நிஜமாகவே இரும்பு உண்டு என்று வாதாடினார் ஒரு நண்பர். உண்டு. ஆனால் அங்கேயும் மின்முனைகளுக்கு முக்கியக் காரணம் பிஸ்மத்தின் எலக்ட்ரான் இணை, இரும்பல்ல.

பள்ளிப் புத்தகம் ‘ஃபெர்ரோ காந்தம்’ என்று எழுதுவதுபோல ‘ஃபெரோமின்’ என்றாலே போதும், பொய் இல்லை. தமிழ்தான் வேண்டுமென்றால் ‘முனைமாறி’ என்பேன். ‘தன்முனைமின்’ என்பது போதாது. தானாக முனை கொண்டவை வேறு பல உண்டு, அந்த முனையைப் புலத்தால் திருப்ப முடிவதுதான் இதன் தனிக்குணம்.

இதில் ஒரு சங்கடம். இந்தப் படலங்களின் பரப்பைக் கூரிய நுனியால் தடவி ஆராயும் நுண்ணோக்கி உண்டு, அதன் நுனியையும் ‘முனை’ என்றே எழுதுகிறார்கள். அதை ‘ஊசி’ என்றால் குழப்பம் தீரும், ஆய்வுக்கூடத்தில் பலர் சொல்வதும் அதுதான். மென்படலத்தை ‘மெல்லிய பிலிம்’ என்று எழுதினால் ஊட்டிக்காரர்களுக்குப் புகைப்படச் சுருள் செய்துவந்த இந்து நகர் பிலிம் ஃபேக்டரி ஞாபகம் வரும். அதுவும் வேண்டாம்.

எல்லாவற்றையும் மிஞ்சியது ‘மேற்பரப்புக் கட்டணம்’. ‘சர்ஃபேஸ் சார்ஜ்’ என்பதற்குத் தமிழாம். கணினியிடம் மொழிபெயர்க்கக் கொடுத்து, வந்ததைப் படிக்காமலே ஒட்டியிருக்கிறார்கள். மேற்பரப்புக்கு யார் சீட்டுக் கிழிக்கிறார்கள்? மின்னூட்டம் என்ற நல்ல சொல் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. அதையும் இரண்டாகப் பிரித்துச் சொல்ல வேண்டும். படலத்தின் முனைகளால் மேற்பரப்பில் நிற்பது கட்டுண்ட மின்னூட்டம். காற்றின் ஈரமும் அயனிகளும் வந்து அதை மூடுவது மறைப்பு மின்னூட்டம். ஜூலை மாதத்துக் குன்னூர் ஜன்னலில் படிகிற ஈரத்தைப்போல, கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் திறந்த காற்றில் பெரும்பாலான பரப்புகளில் படியும். 1991-இல் வந்த கெல்வின் ஊசி நுண்ணோக்கி முறை மேற்பரப்பின் மின்னழுத்தத்தை அளக்கிறது. அதில் நேர், எதிர் என்று தெரியும் குறி பல நேரம் இந்த மறைப்பு மின்னூட்டத்தினுடையதுதான். அடியில் நேர் மின்னூட்டம் இருக்க, ஊசி எதிர் என்று காட்டுவதும் உண்டு. இரண்டையும் ‘கட்டணம்’ என்று எழுதிய அட்டையில் இதை எப்படி விளக்குவார்கள் என்று கேட்டேன். அட்டையை வைத்திருந்த மாணவி, “அது கூகுள் சார்” என்றாள்.