இராச்சாப்பாட்டையும் விடாதீர்கள், நித்திரையையும் விடாதீர்கள்

"இரவு ஒண்டும் சாப்பிடேல்லை டொக்டர், அப்பிடியிருந்தும் கூடித்தான் கிடக்கு." கர்ப்பகால நீரிழிவுக்குக் கிளினிக் வரும் தாய்மாரிடம் இந்தக் கிழமையும் இதே கதைதான். வெறுவயிற்றில் டெசிலீற்றருக்கு 95 மில்லிகிராமுக்குக் கீழே இருக்கவேண்டிய இரத்தச் சீனி 108 காட்டுகிறது. இன்சுலின் போடச் சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில் ஒரு தாய் முதல்நாள் மத்தியானத்தோடு சாப்பாட்டை நிறுத்தியிருக்கிறார். கூட வந்த மாமியும் "அவள் ஒரு பருக்கை தொடேல்லை" என்று சாட்சி சொல்கிறார்.

தயவுசெய்து இதை விட்டுவிடுங்கள். காலையில் வெறுவயிற்றில் அளப்பது நேற்றிரவு சாப்பிட்ட பிட்டின் சீனியை மட்டுமல்ல. ஈரல் இரவிரவாக இரத்தத்துக்குள் விடும் சீனிதான் அதில் பெரும்பங்கு. கர்ப்பத்தின் பிற்பாதியில் நச்சுக்கொடி சுரக்கும் ஹோர்மோன்கள் இன்சுலினைச் சரியாக வேலை செய்யவிடுவதில்லை, அதனால் ஈரலுக்குக் கடிவாளமும் இல்லை. பட்டினி கிடந்து அதைத் திருத்தமுடியாது. ஒருநாள் எண் கொஞ்சம் இறங்கினாலும் அது பொய் எண். அதைப் பார்த்து மருந்தின் அளவைத் தீர்மானித்தால் மற்ற நாட்களில் பிள்ளைக்குப் போகும் சீனி யார் கண்ணிலும் படாமல் போய்விடும். இவ்வளவு நேரம் வயிறு காய்ந்தால் உடல் கொழுப்பை எரித்து, அதில் உண்டாகும் கீற்றோன் என்ற பொருளை இரத்தத்தில் கூட்டும், கர்ப்பத்தில் அது நல்லதல்ல. இன்னொன்றும் நடக்கும். பசியில் இரண்டு மணிக்கு நித்திரை கலையும், கைக்கெட்டிய மாரி பிஸ்கட்டும் சீனி போட்ட தேத்தண்ணியும் உள்ளே போகும், ஏழு மணிக்கு 'வெறுவயிற்றில்' இரத்தம் கொடுப்பார். அந்த இரத்தத்தைப் பரிசோதித்து என்ன பயன்?

இன்சுலின் போடுகிறவர் இராச்சாப்பாட்டை விடுவது இதைவிட ஆபத்து. சாமத்தில் சீனி 70க்குக் கீழே இறங்கினால் வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், கெட்ட கனவு கண்டு பதறி எழும்புவார். அதைக் கண்ணூறு என்று நூல் கட்டுகிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. நூலைப் பிறகு கட்டலாம், முதலில் விரலில் குத்திச் சீனியைப் பாருங்கள். குறைந்திருந்தால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் திரும்பப் பாருங்கள். கருவி இல்லாவிட்டால் காத்திருக்காமல் சீனித்தண்ணியைக் கொடுங்கள். நினைவு மங்கியவருக்கு வாயில் எதையும் ஊற்றாமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

இராச்சாப்பாடு ஏழு, ஏழரைக்கு முடியவேண்டும். சின்ன இடியப்பம் மூன்று, அல்லது ஒரு தேத்தண்ணிக் கோப்பை அளவு குரக்கன் பிட்டு. சாப்பாட்டுத் தட்டில் பாதிக்கு மேல் முருங்கையிலை வறையும் மற்ற மரக்கறியும், பக்கத்தில் மீனோ முட்டையோ பருப்போ. பிட்டுக்குக் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் பிசைந்து சாப்பிடும் ஆசையை இந்த மாதங்களில் அடக்கிக்கொள்ளுங்கள். பனங்கட்டியும் சீனிதான், "அது இயற்கை" என்று என்னிடம் வாதாட வேண்டாம். சாப்பிட்டதும் முற்றத்தில் 15, 20 நிமிடம் நடவுங்கள். பத்து மணிக்கு முன் சீனி போடாத ஒரு கிளாஸ் பாலோ ஒரு கைப்பிடி அவித்த கடலையோ எடுத்தால் பசியில் எழும்பத் தேவையில்லை, காலை இரத்தப் பரிசோதனைக்கு வேண்டிய எட்டு மணித்தியால இடைவெளியும் கிடைக்கும்.

அடுத்தது நித்திரை. ஆறு மணித்தியாலத்துக்கும் குறைவாக நித்திரை கொள்ளும் கர்ப்பிணிகளிடம் நீரிழிவு கூடுதலாகக் காணப்படுவதைப் பல ஆய்வுகள் சொல்கின்றன. நித்திரை குறைந்த உடல் இன்சுலினுக்கு இன்னும் குறைவாகவே இணங்கும். நித்திரை கொண்டால் ஊசி தேவையில்லை என்று இதற்குப் பொருளல்ல. மருந்தும் உணவும் சரியாக இருந்தும் காலை எண் இறங்காவிட்டால் நித்திரையையும் பார்க்கவேண்டும் என்கிறேன்.

எங்கள் வீடுகளில் அது இரண்டு பக்கத்தாலும் வெட்டுப்படுகிறது. இரவு பத்துக்கு நாடகம் முடியும், பிறகு ரொறன்ரோவில் இருக்கும் அண்ணாவின் வீடியோ கோல். அவருக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரம், உங்களுக்குச் சாமம். காலையில் மூத்த பிள்ளையின் ரியூசனுக்காக நாலரைக்கு எழும்பி அடுப்பு மூட்டவேண்டும். நடுவில் மூன்று தரம் சிறுநீர் கழிக்க எழும்பினால் மிச்சம் எவ்வளவு? கனடாவில் இருக்கும் உறவுகளே, இந்த மாதங்களில் உங்கள் காலையில் எடுங்கள், இங்கே அது மாலை. கணவன்மாரே, காலைத் தேத்தண்ணியை நீங்கள் போட்டால் அவருக்கு முக்கால் மணித்தியாலம் நித்திரை மிஞ்சும். பகலில் அரை மணித்தியாலம் சரிவது நல்லது. இரண்டு மணித்தியாலம் நித்திரை கொண்டால் இரவு கெட்டுவிடும்.

குறட்டையைப் பற்றிக் கேட்டால் தாய்மார் வெட்கப்பட்டுச் சிரிக்கிறார்கள். "பிள்ளைத்தாய்ச்சிக்கு உது வழமைதானே" என்கிறார் அம்மா. மூக்கடைப்பால் மெல்லக் குறட்டை வருவது வழமைதான். கிழமையில் மூன்று இரவுக்கு மேல் பலத்த குறட்டை, இடையில் மூச்சு நின்று திணறி விழிப்பது, காலையில் தலையிடியும் வாய் வறட்சியும், பகலெல்லாம் தூங்கி வழிவது, இவை வழமையல்ல. மூச்சுத் தடைப்படும்போதெல்லாம் இரத்தத்தில் ஒட்சிசன் இறங்கும், உடல் விழித்துக்கொண்டு சீனியையும் இரத்த அழுத்தத்தையும் ஏற்றும். இப்படிப்பட்டவர்களுக்கு நீரிழிவும் கர்ப்பகால உயர் இரத்த அழுத்தமும் கூடுதலாக வருகின்றன. நித்திரையில் இருப்பவருக்குத் தன் குறட்டை தெரியாது. பக்கத்தில் படுப்பவர் போனில் இரண்டு நிமிடம் பதிவுசெய்து கொண்டுவந்தால் எங்களுக்குப் பெரிய உதவி.

இடதுபக்கம்தான் படுக்கவேண்டும், புரண்டால் பிள்ளைக்கு ஆபத்து என்று பயந்து விழித்திருப்பவர்களும் இருக்கிறார்கள். 28 வாரத்துக்குப் பிறகு மல்லாந்து படுத்து நித்திரைக்குப் போகவேண்டாம், அவ்வளவுதான். இடது நல்லது, வலதும் பரவாயில்லை. விழிக்கும்போது மல்லாந்திருந்தால் பதறாமல் பக்கவாட்டுக்குத் திரும்புங்கள். முழங்கால்களுக்கிடையில் ஒரு தலையணை, வயிற்றின் கீழ் ஒன்று.

பிற்பகல் மூன்றுக்குப் பிறகு தேத்தண்ணி வேண்டாம். படுத்ததும் காலை அசைக்காமல் இருக்கமுடியாத அந்தரிப்பு இருந்தால் சொல்லுங்கள், இரும்புச்சத்துக் குறைவு காரணமாக இருக்கலாம். கிளினிக்கில் தரும் இரும்புக் குளிசையைத் தேத்தண்ணியோடு போட்டால் உடலில் சேரும் இரும்பு நன்றாகக் குறைந்துவிடும். விற்றமின் சீ குளிசையோடு தண்ணீரில் போடுங்கள், கல்சியத்தை வேறு நேரத்தில் எடுங்கள். நித்திரைக்கென்று பாமசியில் நீங்களாக எதையும் வாங்காதீர்கள்.

கேதாரகௌரி விரதம் நெருங்கும்போது 21 நாளும் ஒருநேரச் சாப்பாட்டோடு இருக்கலாமா என்று கேட்பார்கள். வேண்டாம், தங்கச்சி. உங்களுக்காக வீட்டில் இன்னொருவர் பிடிக்கட்டும். அம்பாள் குறைநினைக்கமாட்டா.

அடுத்த கிளினிக்குக்கு வரும்போது ஒரு கொப்பித் தாளில் ஏழு நாளுக்கு எழுதிக்கொண்டு வாருங்கள்: இரவு சாப்பிட்ட நேரம், என்ன சாப்பிட்டீர்கள், படுத்த நேரம், எழும்பிய நேரம், குறட்டை இருந்ததா, வீட்டில் கருவி இருந்தால் காலைச் சீனி எவ்வளவு. சாமத்தில் தின்ற பிஸ்கட்டையும் எழுதுங்கள். ஏசமாட்டோம்.