மாரல் டர்பிட்யூட்: ‘ஒழுக்கக்கேடு’ என்றால் போதுமா?

பணிநீக்க உத்தரவு, வழக்கறிஞர் சட்டம், அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் என்று பல இடங்களில் வரும் சொற்றொடர் ‘மாரல் டர்பிட்யூட்’. தமிழில் பெரும்பாலும் ‘ஒழுக்கக்கேடு’ என்று எழுதிவிடுகிறோம். ஆனால் ஒருவரை ‘ஒழுக்கம் கெட்டவர்’ என்றதும் குடி, கூத்து, தகாத உறவு என்றுதான் நம் மனம் ஓடும். சட்டத்தின் கண் முக்கியமாகப் போவதோ மோசடி, கையாடல், கள்ளக் கையெழுத்து போன்றவற்றின் மேல்.

மூலம் லத்தீன். ‘டர்பிஸ்’ என்றால் அருவருப்பானது; அதிலிருந்து இழிவானது என்ற பொருளும் வந்தது. அமெரிக்காவின் 1891 குடியேற்றச் சட்டம், இத்தகைய குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர்களை நாட்டுக்குள் விடக்கூடாது என்றது. எது இத்தகைய குற்றம் என்று மட்டும் சொல்லவில்லை. ஏமாற்றுதல் கலந்த குற்றம் இதில் கட்டாயம் அடங்கும் என்று 1951-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நம் நாட்டிலும் இதே சிக்கல்தான். 1972-ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம், பணியின்போது இத்தகைய குற்றம் செய்து வேலை இழந்தவரின் பணிக்கொடையை முழுவதுமாகவே பிடித்துக்கொள்ள இடம் கொடுத்தது; விளக்கம் தரவில்லை. ஹரியானாவில் ஓர் அரசு ஊழியர், பொது இடத்தில் ஆபாசமாக நடந்ததாக இந்திய தண்டனைச் சட்டம் 294-ஆம் பிரிவில் 20 ரூபாய் அபராதம் கட்டினார். அதைக் காட்டியே வேலையைப் பறித்துவிட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. இயல்பிலேயே கீழ்த்தரமான, இழிந்த நடத்தைதான் டர்பிட்யூட். 294-ஆம் பிரிவில் தண்டனை பெற்றதாலேயே அது வந்துவிடாது என்று 1996-இல் நீதிமன்றம் சொன்னது. நம் ‘ஒழுக்கக்கேடு’ என்ற சொல்லை வைத்து அளந்திருந்தால், முதலில் மாட்டுபவர் அவர்தான்! ஒரு மனிதரின் பிழைப்பே தொங்கும் இடத்தில் இப்படிக் குழப்பும் சொல் கூடாது.

என் தேர்வு ‘அறக்கேடு’. லஞ்சம், பொய்க்கணக்கு எல்லாம் இதற்குள் இயல்பாக அடங்கும். அந்தரங்க வாழ்க்கைப் பக்கம் மட்டும் சாயாது. இழிவு என்ற மூலப்பொருளை விடக்கூடாது என்பவர்கள் ‘இழிகுற்றம்’ எனலாம், அதுவும் சரி. வழக்கறிஞர் சட்டத்தின் 24-ஏ பிரிவை இப்படிச் சொல்லிப் பாருங்கள்: ‘அறக்கேடான குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர் வழக்கறிஞராகப் பதிவு செய்ய முடியாது; விடுதலையாகி இரண்டு ஆண்டுகள் ஆனபின் இத்தடை நீங்கும்.’