அறுசுரம் அல்ல, அறுவர்

கிளிநொச்சியில் ஓர் இசை நிகழ்ச்சி. வயலின், அதைவிடச் சற்றுப் பெரிய வயோலா, இன்னும் பெரிய செலோவுடன் ஆறு பேர் வந்து அமர்ந்தார்கள். "அடுத்து அறுசுர இசை, அதாவது செக்ஸ்டெட்" என்றார் அறிவிப்பாளர். இதை நான் கேட்பது மூன்றாவது தடவை. இனியும் பொறுக்க முடியாது.

இலத்தீனில் 'ஆறாவது' என்று பொருள்படும் செக்ஸ்டுஸ், இத்தாலியில் செஸ்தெத்தோ, ஆங்கிலத்தில் செக்ஸ்டெட். ஆறு பேர் கொண்ட குழுவுக்கும் அவர்களுக்கென எழுதிய ஆக்கத்துக்கும் அதுவே பெயர். ஜெர்மானிய இசையமைப்பாளர் பிராம்ஸ் 1860இல் முடித்த முதல் செக்ஸ்டெட்டில் இரண்டு வயலின், இரண்டு வயோலா, இரண்டு செலோ.

எண்ணப்படுவது ஆட்களை, சுரங்களை அல்ல. ஆறு சுர இராகம் நம்மிடமே உண்டு. ஏழு சுரங்களில் பஞ்சமம் இல்லாத ஸ்ரீரஞ்சனி இராகத்தைத் தனி ஒருவர் குழலில் வாசித்துவிட்டு எழுந்து போகலாம், அதுதான் அறுசுரம். பிராம்ஸின் ஆறு பேரோ பன்னிரண்டு சுரங்களையும் தொடுகிறார்கள். போதாததற்கு, சுரம் என்றால் காய்ச்சல் என்றும் பொருள். மலேரியாவில் கிடந்தெழுந்த எங்கள் வன்னிப் பெரியவர்களிடம் ஆறு சுரம் என்று சொல்லிப் பாருங்கள்! 'ஷட்கம்' என்பாரும் உளர். அது ஆறு பாடல் கொண்ட துதிக்குப் பெயர். அங்கும் ஆட்கணக்கு இல்லை.

ஆட்களை எண்ணத் தமிழில் சொல்லுக்கா பஞ்சம்? தேவாரம் பாடியவர் மூவர், பாண்டவர் ஐவர், முருகனை வளர்த்த கார்த்திகைப் பெண்கள் அறுவர். சுக்கிரீவனோடு "அறுவர் ஆனேம்" என்று இராமனைச் சொல்லவைத்தவன் கம்பன். ஆகவே குழுவுக்கு அறுவர் குழு, ஆக்கத்துக்கு அறுவர் இசை. மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியைப் புரட்டுமுன் விரல்விட்டு எண்ணியிருந்தால் இது கிடைத்திருக்கும்.

எங்கள் கோயில் திருவிழாவுக்கு இருசக்கர உழவு இயந்திரமான லாண்ட்மாஸ்டரின் பெட்டியில் வந்திறங்கும் மேளகாரரும் ஆறு பேர்தான்: நாதஸ்வரம் இருவர், தவில் இருவர், சுருதிக்கு ஒருவர், தாளத்துக்கு ஒருவர். அதற்காக அதை அறுவர் இசை என்று நான் சொல்லமாட்டேன். ஒரு தவில் வராவிட்டாலும் மேளம் மேளம்தான். அறுவர் இசையில் ஒரு செலோ குறைந்தால் ஒரு பங்கே அறுந்துபோகும்.

நிகழ்ச்சி முடிந்ததும் அறிவிப்பாளரிடம் இதைச் சொன்னேன். "அறுவர் என்றால் அறுவை என்று கேட்டுச் சிரிப்பார்களே, ஐயா" என்றார். ஆங்கிலச் சொல்லை ஒலிவாங்கியில் சொன்னபோது பின்வரிசைப் பையன்கள் சிரித்தது அவர் காதில் விழவில்லை போலும்.