பட்டனை அழுத்துவதற்கு முன் நடந்தது

கிண்டியில் பாலிடெக்னிக் படிக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "சார், போனில் எடுத்த போட்டோவை ரொம்பப் பெரிதாக்கினால் கட்டம் கட்டமாகிவிடுகிறது. ஆசிலோஸ்கோப்பில் அலையை நிறுத்திவிட்டுப் பெரிதாக்கினால் மட்டும் புதிது புதிதாக விவரம் வருகிறதே, எப்படி?" அவர் செய்த கவுன்டர் சர்க்யூட், பட்டனை ஒரு தடவை தட்டினால் நான்கு என்று எண்ணுகிறதாம். கண் பட்டிருக்கும் என்று நண்பர் எலுமிச்சம்பழம் வாங்கி வந்துவிட்டாராம். பழத்தை ஜூஸ் போட்டுக் குடித்துவிட்டு ஸ்கோப்பை எடுங்கள். மின்னழுத்தம் நேரத்தோடு ஏறி இறங்குவதைத் திரையில் கோடாக வரைந்து காட்டும் பெட்டிதான் இந்த ஆசிலோஸ்கோப்.

உள்ளே வரும் மின்னழுத்தத்தை ஏடிசி சிப் நொடிக்குப் பல கோடி முறை அளந்து எண்ணாக்குகிறது. சாதாரண ஸ்கோப்பில் 8 பிட், அதாவது 256 படிகள். இதெல்லாம் பாடப் புத்தகத்திலேயே இருக்கும். எனக்குப் பிடித்த இடம் அதற்கு அடுத்தது: அந்த எண்கள் போய் உட்காரும் மெமரி.

தீவுத்திடல் பொருட்காட்சி ராட்டினத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தொட்டியும் கீழே வரும்போது பழைய ஆள் இறங்க, புது ஆள் ஏறுகிறார். ஸ்கோப்பின் மெமரியும் இப்படிச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. புது எண் வந்ததும் இருப்பதிலேயே பழையது அழிகிறது. மின்னழுத்தம் நாம் குறித்த அளவைத் தாண்டியதும் விசில் அடிப்பவர்தான் 'ட்ரிகர்'. விசில் கேட்டதும் ராட்டினம் சட்டென்று நிற்பதில்லை. இன்னும் அரைச் சுற்று போய்த்தான் நிற்கிறது. அதனால் பாதித் தொட்டிகளில் விசிலுக்குப் பின் ஏறியவர்கள், மீதிப் பாதியில் விசிலுக்கு முன்பே ஏறியவர்கள்! திரையின் இடது பாதியில் தெரிவது இவர்கள்தான். விஷயம் நடந்த பிறகு விழித்துக்கொண்டு, அதற்கு முந்தைய கதையையும் சொல்கிறது இந்தப் பெட்டி. எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை.

சரி, பெரிதாக்கும் கணக்குக்கு வருவோம். மெமரியில் 10 லட்சம் புள்ளி, திரையில் மொத்தம் 1 நொடி என்று வையுங்கள். ஒரு புள்ளிக்கு 1 மைக்ரோநொடி. திரையின் அகலமோ சுமார் 1000 பிக்சல்; ஒவ்வொரு பிக்சலுக்குப் பின்னாலும் 1000 அளவுகள் ஒளிந்து நிற்கின்றன. பெரிதாக்கும்போது அவைதான் வெளியே வருகின்றன. அதையும் தாண்டிப் போனால், புள்ளிக் கோலத்துக்கு இழை இழுப்பதுபோல ஸ்கோப்பே நடுவில் வளைவு போட்டுக்கொள்ளும். அது அளந்தது இல்லை, கணக்குப் போட்டது. மெமரி வெறும் 10,000 புள்ளி என்றால், அதே 1 நொடியில் புள்ளிக்குப் புள்ளி 100 மைக்ரோநொடி இடைவெளி. பெட்டி மேல் 1 ஜிகாசாம்பிள், அதாவது நொடிக்கு 100 கோடி அளவு, என்று அச்சடித்திருந்தாலும் இதே கதைதான். ரிச்சி தெருவில் வாங்கப் போனால் மெமரி எவ்வளவு என்று முதலில் கேளுங்கள்.

நான் படித்த கல்லூரியில் ஸ்கோப் பீரோவுக்குள் பூட்டியே இருக்கும். ஆயுத பூஜைக்கு மட்டும் வெளியே வந்து சந்தனம் பூசிக்கொள்ளும். உங்கள் லேபில் கைக்கு எட்டுகிறதென்றால் சந்தோஷம். ஸ்கோப்பின் அளக்கும் வயரான புரோபைப் பட்டனில் மாட்டி, ட்ரிகரை ஒரே ஒரு முறை பிடித்து நிற்கும் 'சிங்கிள்' மோடில் வைத்து, ஒரே ஒரு தடவை அழுத்துங்கள். முதலில் செங்குத்தாக ஒரே ஒரு படி தெரியும். அந்த விளிம்பைப் பெரிதாக்குங்கள். சீப்புப் பல் மாதிரி நாலைந்து துள்ளல். உள்ளே உலோகத் தகடுகள் மோதி, எகிறி, மறுபடி மோதிய சில மில்லிநொடிகள் அவை. உங்கள் கவுன்டர் சரியாகத்தான் எண்ணியிருக்கிறது.